நீரிழிவோடு வாழ்தல்: வலிக்காத இடங்களைக் கவனிக்கும் முறை

நீரிழிவு நோயை நிர்வகிப்பதில் உள்ள பெரிய இடர்ப்பாடு, அது கெடுதல் செய்யும்போது வலிப்பதில்லை என்பதுதான். விழித்திரையின் நுண்குழாய்களில் கசிவு தொடங்கிய பிறகும் பார்வை நீண்ட காலம் தெளிவாகவே இருக்கலாம். சிறுநீரகம் தன் வடிகட்டும் திறனில் பாதியை இழந்த பிறகும் உடலில் எந்த மாற்றமும் தெரியாமல் இருக்கலாம். பாதத்திலோ, முன்பிருந்த எரிச்சல் மெல்ல அடங்குவதுகூட நரம்பு செயலிழந்துவிட்டதன் அடையாளமாக இருக்கக்கூடும். ஆகவே, "எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை" என்ற உணர்வை இந்த நோயில் சான்றாக ஏற்க முடியாது. உணர்வு சொல்லாததை அளவீடு சொல்லவேண்டும்; எதை, எப்போது, எப்படி அளப்பது, அளந்த பின் என்ன செய்வது என்பதையே இக்கட்டுரை விளக்குகிறது. மருந்தின் பெயரும் அளவும் ஒவ்வொருவருக்கும் மாறுபடும் என்பதால், அவை குறித்த முடிவுகளை உங்கள் மருத்துவரோடு கலந்தே எடுக்கவேண்டும்.

எண்களைப் படித்தல்

பேச்சுவழக்கில் மூன்று மாதச் சராசரி எனப்படும் எச்பிஏ1சி பரிசோதனை, இரத்தச் சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபினில் எத்தனை சதவீதத்தில் குளுக்கோஸ் ஒட்டியிருக்கிறது என்பதை அளக்கிறது. சிவப்பணு ஏறத்தாழ 120 நாட்கள் வாழ்வதால், கடந்த இரண்டு மூன்று மாதங்களின் நிலையை, அதிலும் கடைசி மாதத்தின் நிலையைக் கூடுதலாக, இந்த எண் பிரதிபலிக்கிறது. 7 சதவீதம் என்பது சராசரியாக டெசிலிட்டருக்குச் சுமார் 154 மில்லிகிராம் சர்க்கரைக்குச் சமம்; 8 சதவீதம் 183க்கும், 9 சதவீதம் 212க்கும் சமம். பெரியவர்களில் பலருக்கு 7 சதவீதத்துக்குக் கீழே என்பது பொதுவான இலக்கு. சர்க்கரை தாழ்ந்துபோகும் அபாயம் இல்லாத இளையவர்கள் இன்னும் கீழே இலக்கு வைக்கலாம். முதுமையில் தளர்ந்தவர்களுக்கும், வேறு கடும் நோய்கள் உள்ளவர்களுக்கும் 8 சதவீதத்தை ஒட்டி இருப்பதே பாதுகாப்பானது. ஆய்வக அறிக்கையின் ஓரத்தில் அச்சாகியிருக்கும் இயல்பு அளவு நீரிழிவு இல்லாதவர்களுக்கானது என்பதால், அதோடு ஒப்பிட்டு மனம் தளர்வதில் பொருளில்லை.

இந்த எண்ணும் சில நேரங்களில் ஏமாற்றும். இரும்புச்சத்துக் குறைவால் வரும் இரத்தசோகையில் அது உண்மையைவிடக் கூடுதலாகவும், அண்மையில் இரத்தப்போக்கு ஏற்பட்டிருந்தாலோ இரத்தம் ஏற்றப்பட்டிருந்தாலோ குறைவாகவும் காட்டலாம். வீட்டுக் கருவி காட்டும் அளவுகளும் எச்பிஏ1சியும் பொருந்தாமல் நின்றால், ஹீமோகுளோபின் எவ்வளவு என்று கேட்பதே முதல் கேள்வியாக இருக்கவேண்டும்.

வீட்டில் செய்யும் சோதனையை, ஒரு கேள்விக்கு விடை தேடும் செயலாக அமைத்துக்கொள்வது நல்லது. தினமும் காலையில் வெறும் வயிற்றில் மட்டும் அளந்து எழுதிவைப்பவருக்கு இரவு உணவோ மருந்தோ பற்றிச் சிறிது தெரியும். நண்பகலில் 250ஐத் தொடும் ஏற்றம் தெரியாமலே போய்விடும். ஒரே வேளை உணவுக்கு முன்பும், உண்ணத் தொடங்கி இரண்டு மணி நேரம் கழித்தும் இணையாக அளந்தால், அந்த உணவு என்ன செய்தது என்பது விளங்கும். உணவுக்கு முன் 80 முதல் 130 வரையிலும், உணவுக்குப் பின் 180க்குக் கீழும் இருப்பது பெரும்பாலோர்க்கு உரிய இலக்கு. விரலில் பழச்சாறோ இனிப்போ ஒட்டியிருந்தால் அளவு பொய்யாக உயரும் என்பதால், கையை நீரில் கழுவித் துடைத்த பிறகே ஊசியால் குத்தவேண்டும். தோலில் ஒட்டும் தொடர் சென்சாரைப் பயன்படுத்துவோர் ஒவ்வொரு ஏற்ற இறக்கத்துக்கும் பதறாமல், ஒரு நாளில் எவ்வளவு நேரம் 70க்கும் 180க்கும் இடையில் இருந்தது என்பதைப் பார்க்கவேண்டும். பொதுவாக 70 சதவீதத்துக்கு மேல் அந்த வரம்புக்குள் இருப்பதும், 70க்குக் கீழே 4 சதவீதத்துக்கும் குறைவாக இருப்பதும் போதுமானது.

சர்க்கரையைத் தவிர்த்த மற்றவை

பலர் சர்க்கரையை மட்டுமே எதிரியாகக் கருதுகிறார்கள். ஆனால் நீரிழிவு உள்ளவர்களின் மரணத்துக்கு முதன்மையான காரணம் இதயநோயும் பக்கவாதமும்தான். அவற்றைத் தடுப்பதில் இரத்த அழுத்தத்துக்கும் கொழுப்புக்கும் சர்க்கரைக்கு நிகரான பங்கு உண்டு. பிரிட்டனில் 1977இல் தொடங்கி, 1998இல் முடிவுகள் வெளியான பெரிய ஆய்வு ஒன்றில், இரண்டாம் வகை (இன்சுலின் சுரந்தும் போதிய அளவு வேலை செய்யாத வகை) நீரிழிவுள்ளோரில் இரத்த அழுத்தத்தைக் கண்டிப்பாகக் கட்டுப்படுத்திய குழுவில் நீரிழிவு தொடர்பான மரணங்கள் 32 சதவீதம் குறைந்தன. இன்று பொதுவாகச் சொல்லப்படும் இலக்கு 130/80க்குக் கீழே. கெட்ட கொழுப்பு எனப்படும் எல்டிஎல், இதயநோய் அபாயம் மிகுந்தவர்களுக்கு 70க்குக் கீழும், ஏற்கெனவே மாரடைப்பு வந்தவர்களுக்கு 55க்குக் கீழும் இருப்பது நல்லது. 40 வயதைக் கடந்த நீரிழிவு நோயாளிகளில் பெரும்பாலோர்க்கு, கொழுப்பின் அளவு இயல்பாக இருந்தாலும், கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை பரிந்துரைக்கப்படுவது இந்தக் காரணத்தால்தான். அறிக்கை சரியாகிவிட்டதென்று அதைத் தாமாக நிறுத்துபவர்கள், சரியானதே அந்த மாத்திரையால்தான் என்பதை மறந்துவிடுகிறார்கள். புகைபிடிப்பதை விடுவதைப் பற்றி நீட்டிச் சொல்லத் தேவையில்லை. காலின் இரத்தக்குழாய்களுக்கு அதைவிடப் பெரிய உதவி வேறில்லை.

உணவைப் பற்றியும் சுருக்கமாகவே சொல்லலாம், ஏனெனில் இதில் அறிவுரைக்குப் பஞ்சமில்லை. தட்டில் பாதியைக் காய்கறிக்கும், கால் பங்கைப் புரதத்துக்கும், கால் பங்கை மாவுச்சத்துக்கும் ஒதுக்குவதும், காய்கறியையும் புரதத்தையும் முதலில் உண்டு மாவுச்சத்தைக் கடைசியில் உண்பதும், உணவுக்குப் பின் வரும் ஏற்றத்தைக் குறைக்கும். வாரத்துக்கு 150 நிமிட மிதமான உடற்பயிற்சியை, இரண்டு நாட்களுக்கு மேல் இடைவெளி விழாதபடி பகிர்ந்துகொள்ளவேண்டும். தசைக்கு வேலை தரும் பயிற்சியை வாரத்தில் இரண்டு மூன்று நாள் சேர்க்கவேண்டும். இரண்டாம் வகை நீரிழிவு வந்த தொடக்க ஆண்டுகளில், உடல் எடை கூடியவர்கள் 10 முதல் 15 கிலோ வரை குறைத்தால், மருந்தில்லாமலே சர்க்கரை நீரிழிவு வரம்புக்குக் கீழே நிற்கும் நிலையைக் கணிசமானோர் அடைகிறார்கள். அந்நிலையிலும் கண், சிறுநீரக, பாதப் பரிசோதனைகள் தொடரவே வேண்டும்.

பாதம்

பாதத்தை நீண்டு பேசவேண்டியிருக்கிறது. கால் இழப்புகளில் பெரும்பகுதி தடுத்திருக்கக்கூடிய ஒரு சிறு புண்ணில் தொடங்குகிறது. நரம்பு மரத்த காலில் கல்லோ ஆணியோ குத்தினாலும், புதுச் செருப்பு கடித்தாலும் தெரியாது. தெரியாததால் அதே இடத்தின் மீது மீண்டும் மீண்டும் நடக்கிறோம். தோல் காய்த்துத் தடிக்கிறது. அந்தக் காய்ப்பே உள்ளிருக்கும் தசையை அழுத்தி, அடியில் புண்ணை உண்டாக்குகிறது. மேலிருந்து பார்க்கையில் வெறும் காய்ப்பாகத் தெரிவது, அகற்றிப் பார்த்தால் ஆழமான குழியாக இருப்பது மருத்துவர்களுக்குப் பழகிய காட்சி.

எனவே நாள்தோறும் ஒருமுறை, நல்ல வெளிச்சத்தில், பாதத்தின் அடி, குதிகால், விரலிடுக்கு ஆகியவற்றைப் பார்க்கவேண்டும். குனிய இயலாதவர்கள் தரையில் கண்ணாடியை வைத்துப் பார்க்கலாம். பார்வை மங்கியவர்கள் வீட்டிலுள்ள ஒருவரைப் பார்க்கச் சொல்லவேண்டும். கொப்புளம், வெடிப்பு, நிறமாற்றம், ஈரக்கசிவு, ஒரு கால் மட்டும் சூடாக இருத்தல் ஆகியவற்றைத் தேடவேண்டும். வீட்டுக்குள்ளும் வெறுங்காலோடு நடக்கக்கூடாது. காலை நீரில் ஊறவைப்பது தோலை நலியச் செய்யும். கழுவும் நீரின் சூட்டைக் காலால் அல்லாமல் முழங்கையால் சோதிக்கவேண்டும். வெந்நீர்ப் பையும் ஹீட்டரும் மரத்த காலுக்கு ஆகாதவை. வறண்ட தோலுக்கு ஈரமூட்டும் கிரீம் தடவலாம், ஆனால் விரலிடுக்கில் தடவினால் பூஞ்சை வளரும். நகத்தை நேர்கோட்டில் வெட்டவேண்டும். கால் ஆணிக்கென்று விற்கும் அமிலப் பட்டைகளும், பிளேடால் தாமே சீவிக்கொள்ளும் பழக்கமும் பல பெரிய புண்களின் தொடக்கம்.

காலணியின் உட்புற நீளம் பாதத்தைவிட 1 முதல் 2 சென்டிமீட்டர் கூடுதலாகவும், விரல்களின் மேல் அழுத்தாத உயரத்தோடும் இருக்கவேண்டும். மாலையில் கால் சற்று வீங்கியிருக்கும் என்பதால் அந்நேரத்தில் அளவு பார்த்து வாங்குவது நல்லது. அணியும் ஒவ்வொரு முறையும் உள்ளே கையை விட்டுத் தடவிப் பார்க்கும் பழக்கம் வரவேண்டும்.

ஆண்டுக்கு ஒருமுறையேனும் மருத்துவர் 10 கிராம் நைலான் இழையால் தொட்டும், இசைக்கவையின் அதிர்வை வைத்தும் உணர்வைச் சோதித்து, பாதத்தின் நாடியையும் தொட்டுப் பார்க்கவேண்டும். சாக்ஸைக் கழற்றச் சொல்லாமலே ஆலோசனை முடிந்தால், நீங்களாகவே கழற்றிவிடுங்கள். புண் வந்துவிட்டால் ஆன்டிபயாட்டிக் மட்டும் போதாது. அந்த இடத்தின் மீதான உடல் பாரத்தை நீக்கும் சிறப்புக் கட்டோ காலணியோ இல்லாமல் அது ஆறாது. இரத்த ஓட்டம் குறைந்திருக்கிறதா என்பதையும் உடனே அறியவேண்டும்.

இன்னொரு நிலையையும் பெயர் தெரிந்து வைத்திருப்பது நல்லது. மரத்த கால் ஒன்று திடீரென்று சிவந்து, வீங்கி, மற்றொன்றைவிடச் சூடாக இருந்து, வலியோ மிகக் குறைவாக இருந்தால், அது சார்க்கோ பாதமாக இருக்கலாம். எலும்புகள் உள்ளுக்குள் நொறுங்கும் இந்த நிலை, தொடக்கத்தில் எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம். கிருமித்தொற்று என்றோ சுளுக்கு என்றோ கருதப்பட்டு நடக்க விடப்பட்டால், பாதத்தின் வளைவு குலைந்து நிலையாக உருமாறிவிடும். ஐயம் எழுந்த நொடியிலிருந்தே அந்தக் காலை ஊன்றாமல் மருத்துவரிடம் செல்லவேண்டும்.

கண்ணும் சிறுநீரகமும்

இரண்டாம் வகை நீரிழிவு கண்டறியப்படுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே தொடங்கியிருக்கக்கூடும் என்பதால், கண்டறிந்த உடனேயே விழித்திரையைப் பரிசோதிக்கவேண்டும். உடல் இன்சுலினையே சுரக்காத முதல் வகையில், நோய் கண்டறிந்த ஐந்து ஆண்டுகளுக்குள் இந்தப் பரிசோதனையைத் தொடங்கலாம். அதன்பின் ஆண்டுதோறும், அல்லது கண் மருத்துவர் குறிக்கும் இடைவெளியில் தொடரவேண்டும். கண்ணாடிக் கடையில் எழுத்துகளைச் சரியாகப் படிப்பது இந்தப் பரிசோதனை ஆகாது; சொட்டு மருந்தால் பாவையை விரித்தோ, தனிக் கேமராவால் படம் எடுத்தோ விழித்திரையையே பார்க்கவேண்டும். லேசரும், கண்ணுக்குள் போடப்படும் ஊசிகளும் பார்வையைக் காப்பதில் மிகுந்த பயன் தருபவை. இழந்த பார்வையை மீட்பதைவிட இருக்கும் பார்வையைக் காப்பதில்தான் அவற்றின் வலிமை அதிகம். நீண்ட காலம் உயர்ந்திருந்த சர்க்கரையை மிக விரைவாகக் குறைக்கும்போது விழித்திரைக் கோளாறு தற்காலிகமாக மோசமாகலாம் என்பதால், அத்தகைய மாற்றத்துக்கு முன்பும், கருவுறத் திட்டமிடும்போதும் கண்ணைப் பார்த்துக்கொள்ளவேண்டும். சிகிச்சை தொடங்கிய வாரங்களில் பார்வை மங்குவது பெரும்பாலும் கண் வில்லையின் நீர்ச்சமநிலை மாறுவதால்தான். சர்க்கரை நிலைபெறும் வரை புதுக் கண்ணாடி வாங்கவேண்டாம். கண்முன் திடீரென்று கரும்புள்ளிகள் மிதந்தாலோ, திரை விழுந்தாற்போல் மறைத்தாலோ அன்றே மருத்துவரைக் காணவேண்டும்.

சிறுநீரகத்துக்கு இரண்டு சோதனைகள் சேர்ந்தே வேண்டும். இரத்தத்தில் உள்ள கிரியாட்டினின் என்ற கழிவுப்பொருளைக் கொண்டு கணிக்கப்படும் வடிகட்டும் வேகம் ஒன்று. சிறுநீரில் அல்புமின் என்ற புரதத்துக்கும் கிரியாட்டினினுக்கும் உள்ள விகிதம் மற்றொன்று. முதலாவது இயல்பாக இருக்கும்போதே இரண்டாவது உயரத் தொடங்கலாம் என்பதால், கிரியாட்டினின் நன்றாக இருக்கிறது என்ற ஆறுதல் அரைகுறையானது. விகிதம் கிராமுக்கு 30 மில்லிகிராமுக்குக் கீழ் இருப்பது இயல்பு. காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, மாதவிடாய், முந்தைய நாளின் கடும் உடற்பயிற்சி ஆகியவை அதைத் தற்காலிகமாக உயர்த்தக்கூடும். எனவே சில மாதங்களுக்குள் எடுத்த மூன்று சோதனைகளில் இரண்டு உயர்ந்திருந்தால்தான் பாதிப்பு உறுதியாகும். உறுதியானால், ராமிப்ரில், டெல்மிசார்ட்டன் போன்ற வகை அழுத்த மருந்துகளும், டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற, சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றும் எஸ்ஜிஎல்டி2 வகை மாத்திரைகளும் சிறுநீரகத்தின் சரிவை மெதுவாக்கும். இவை உங்களுக்கு ஏற்றவையா என்று நீங்களே கேட்பதில் தவறில்லை. மூட்டுவலிக்கென்று தாமாக வாங்கி விழுங்கும் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரூஃபன் போன்ற வலிநிவாரணிகளைத் தவிர்க்கவேண்டும்.

பல ஆண்டுகளாக இன்சுலின் போடுபவர் ஒருவருக்கு, உணவும் எடையும் மாறாமலே சர்க்கரை இறங்கிக்கொண்டே வந்து மருந்தைக் குறைக்க நேர்ந்தால், அதை நோய் குணமாவதாக எண்ணி மகிழ்ந்துவிடக்கூடாது. இன்சுலினை உடலிலிருந்து அகற்றுவதில் சிறுநீரகத்துக்குப் பங்கு உண்டு. அது தளரும்போது இன்சுலின் நெடுநேரம் தங்கிச் செயல்படுவதே இந்த இறக்கத்துக்குக் காரணமாக இருக்கலாம்.

பாதத்துக்கு அப்பாலும் நரம்பு

நீரிழிவு உள்ளுறுப்புகளை இயக்கும் நரம்புகளையும் தாக்கும். எழுந்து நிற்கும்போது தலைசுற்றல், சிறிது உண்டதும் வயிறு நிரம்பிவிடுதல், சிறுநீர் முழுதாக வெளியேறாமை, ஆண்களுக்கு விறைப்புக் குறைவு ஆகியவற்றைச் சொல்லக் கூச்சப்பட்டு பலர் ஆண்டுக்கணக்கில் மறைக்கிறார்கள். சொல்லவேண்டும்; விறைப்புக் குறைவு இதயக் குழாய் அடைப்பின் முன்னறிவிப்பாகவும் இருக்கக்கூடும். மாரடைப்பே நெஞ்சுவலி இல்லாமல், மூச்சுத்திணறலாகவோ காரணமற்ற வியர்வையாகவோ கடும் அசதியாகவோ வரலாம். சர்க்கரையைக் குறைக்கும் மெட்ஃபார்மின் மாத்திரையை நெடுங்காலம் எடுப்பவர்களுக்கு பி12 வைட்டமின் குறைந்து, நரம்புக் கோளாற்றைப் போன்ற அதே எரிச்சலும் மரத்தலும் வரக்கூடும் என்பதால், அதையும் அளந்து பார்க்கவேண்டும்.

சர்க்கரை தாழும்போது

70க்குக் கீழே இறங்கினால் தாழ்சர்க்கரை. 54க்குக் கீழே போனால் ஆபத்து. நடுக்கம், வியர்வை, படபடப்பு, திடீர்ப் பசி, பேச்சுக் குழறல் வந்தால் 15 கிராம் குளுக்கோஸையோ, மூன்று தேக்கரண்டி சர்க்கரை கரைத்த நீரையோ உட்கொண்டு, 15 நிமிடம் கழித்து மீண்டும் அளக்கவேண்டும். ஏறாவிட்டால் மீண்டும் அதே அளவு. சாக்லேட்டில் உள்ள கொழுப்பு சர்க்கரை இரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்துவதால், அவசரத்துக்கு அது உதவாது. மாவுச்சத்தின் செரிமானத்தை மெதுவாக்கும் அகார்போஸ், வோக்லிபோஸ் மாத்திரைகளை எடுப்பவர்களுக்குச் சாதாரணச் சர்க்கரையும் மெதுவாகவே செரிக்கும். அவர்கள் குளுக்கோஸையே வைத்திருக்கவேண்டும். நினைவிழந்தவரின் வாயில் எதையும் ஊற்றக்கூடாது. சர்க்கரையை உயர்த்தும் குளுகாகான் மருந்து இருந்தால் செலுத்தி, அவசர உதவியை அழைக்கவேண்டும். கிளிமெபிரைடு போன்ற, இன்சுலின் சுரப்பைத் தூண்டும் சல்ஃபோனைல்யூரியா மாத்திரைகளால் வந்த தாழ்சர்க்கரை, ஒருமுறை ஏறிய பிறகும் பல மணி நேரம் கழித்துத் திரும்பலாம்.

அடிக்கடி தாழ்பவர்களுக்கு எச்சரிக்கை அறிகுறிகளே மங்கிப்போகும். அவர்களுக்கு இலக்கைச் சில வாரங்கள் தளர்த்தினால் அந்த உணர்வு திரும்பக்கூடும். இன்சுலினை ஒரே இடத்தில் போட்டுப் போட்டுக் கொழுப்புக் கட்டி திரண்டிருந்தால், அங்கிருந்து மருந்து சீராக இரத்தத்தில் சேராது. இடத்தை மாற்றும் நாளில் அதே அளவு வலுவாக வேலை செய்து சர்க்கரையைத் தாழ்த்திவிடலாம் என்பதால், மருத்துவரிடம் கேட்டு அளவைக் குறைத்தே மாற்றவேண்டும்.

காய்ச்சலும் வாந்தியும் வரும் நாட்கள்

உண்ண முடியவில்லை என்பதற்காக இன்சுலினை முற்றிலும் நிறுத்துவது, குறிப்பாக முதல் வகை நீரிழிவில், உயிருக்கே ஆபத்தாகலாம். நோயுற்ற உடல் சர்க்கரையைத் தானே உற்பத்தி செய்து உயர்த்துகிறது. இன்சுலின் இல்லாவிட்டால் கொழுப்பு உருகி, அமிலத் தன்மையுள்ள கீட்டோன்கள் இரத்தத்தில் சேர்கின்றன. அந்நாட்களில் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறையேனும் சர்க்கரையை அளந்து, கீட்டோனையும் பார்த்து, நீர் அருந்திக்கொண்டே இருக்கவேண்டும். இரத்தக் கீட்டோன் லிட்டருக்கு 1.5 மில்லிமோலைத் தாண்டினால் மருத்துவரை அழைக்கவேண்டும். 3ஐத் தொட்டால் மருத்துவமனைக்கே செல்லவேண்டும். விடாத வாந்தி, வயிற்றுவலி, ஆழ்ந்து வேகமான மூச்சு, மயக்கம் ஆகியவற்றுக்கும் அப்படியே.

மாறாக, வாந்தியாலும் பேதியாலும் நீர்ச்சத்து இழந்திருக்கும்போது மெட்ஃபார்மின், எஸ்ஜிஎல்டி2 மாத்திரைகள், நீர் வெளியேற்றும் மாத்திரைகள், சில அழுத்த மருந்துகள் ஆகியவற்றைத் தற்காலிகமாக நிறுத்த நேரிடும். எவற்றை, எப்போது நிறுத்தி எப்போது தொடங்குவது என்பதை உடல் நன்றாக இருக்கும் நாளிலேயே மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கி வைத்துக்கொள்வது அறிவுடைமை. எஸ்ஜிஎல்டி2 மாத்திரைகளை அறுவை சிகிச்சைக்கு மூன்று நாள் முன்பே நிறுத்துவது வழக்கம். அவற்றை எடுப்பவர்கள் அவசரப் பிரிவுக்குச் சென்றால், அந்த மாத்திரையின் பெயரை முதல் வார்த்தையாகவே சொல்லவேண்டும். அவர்களுக்குச் சர்க்கரை 200க்குக் கீழே இருக்கும்போதே கீட்டோன் அமிலநிலை ஏற்படலாம் என்பதால், மருத்துவர் மீட்டரைப் பார்த்துவிட்டு கீட்டோனைப் பார்க்காமல் விட்டுவிடும் வாய்ப்பு அங்கேதான் இருக்கிறது.